கைதூக்குத் திருநாள்

ரங்கூன் ஏழாம் எக்காள சபையில் சேர ஒரு முழுக்குப் போதும். அதில் நிலைத்திருக்கத்தான் வலது கை வேண்டும். ஜனவரி மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை கைதூக்குத் திருநாள். மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் ரயில் பாதையை ஒட்டிய தகரக் கூரை மண்டபத்தில் முன்னூறு பேரும் குளித்து, வெளுத்த துணி உடுத்தி வந்து உட்காருவார்கள். செயலர் ரெங்கசாமி எழுந்து, "நம்முடைய மூத்தவரைத் தீர்க்கதரிசி என்றும், பன்னிருவரை அவருடைய தூண்கள் என்றும் தாங்குகிறவர்கள் வலது கையை உயர்த்துங்கள்" என்பார். முன்னூறு கைகள் உயரும். "தாங்காதவர்கள் யாராவது இருந்தால்..." என்று அவர் அடுத்த வாக்கியத்தைத் தொடங்கும்போதே ஆர்மோனியமும் தொடங்கிவிடும். தாங்காதவர்கள் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சபை பிறந்த நாள் முதல் ஒருவரும் முழுசாகக் கேட்டதில்லை.

நடவடிக்கைப் புத்தகம் இருந்தது. அச்சகத்திலிருந்து வரும்போதே பக்கத்துக்குப் பக்கம் "ஏகமனதாக" என்று அச்சிட்டு, முப்பது வருஷத்துக்குத் தாங்கும்படி தைத்து வந்த புத்தகம். தேதி மட்டும் எழுதினால் போதும். மசி மிச்சம் என்பார் ரெங்கசாமி.

சபை பிறந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். எங்கிருந்தோ கப்பலில் வந்த ஒரு வெள்ளைக்காரப் போதகர் இரண்டு வாரம் துறைமுகத்தில் தங்கிப் பிரசங்கம் செய்தார். போகும்போது ஒரு புத்தகத்தை மறந்து வைத்துவிட்டுப் போனார். அதில் பாதியைக் கரையான் தின்றிருந்தது. மரக்கிடங்கில் தேக்கு அளந்துகொண்டிருந்த வேதமாணிக்கம் கையில் அது கிடைத்தது. கரையான் தின்ற பாதியை அவர் தரிசனத்தில் பார்த்து நிரப்பிக்கொண்டார். அன்றிலிருந்து அவர் மூத்தவர். கேட்பவன் கேனயன் என்றால் கேப்பையில் நெய் வடிகிறது என்பார்கள். இங்கே முன்னூறு பேர் கிண்ணத்தோடு நின்றார்கள்.

அந்த முன்னூறு பேரில் ஒருவன் பொன்னுத்துரை. கியாக்டடாவில் ஓர் அரிசி ஏற்றுமதி ஆபீசில் குமாஸ்தா. சாது. பன்னிரண்டு வருஷமாகக் கை தூக்கியவன். இந்த வருஷம் அவனுக்கும் அவன் மனைவி பவுனம்மாளுக்கும் கை கனத்தது. கனத்த நேரமும் பொல்லாத நேரம்: மகள் செல்லக்கண்ணுவுக்குப் பிப்ரவரியில் கல்யாணம் குறித்திருந்தது. மாப்பிள்ளை தங்கவேலு அச்சகத்தில் எழுத்துக் கோப்பவன், நல்ல பையன், சபைப் பையன்.

சபையில் கல்யாணம் மண்டபத்தில் நடக்காது, அதன் பின்னால் இருக்கும் உள்ளறையில்தான் நடக்கும். உள்ளறைக்குள் போகத் தகுதிச் சீட்டு வேண்டும். "மூத்தவரைத் தாங்குகிறாயா?" என்ற கேள்விக்கு "தாங்குகிறேன்" என்று சொல்பவருக்குத்தான் சீட்டு. சீட்டு இல்லாதவர், பெண்ணைப் பெற்றவரே ஆனாலும், தெரு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நிற்க வேண்டும். வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் நின்றால் பரிசுத்தம் கெட்டுவிடுமாம். எத்தனை முழம் தள்ளி நிற்க வேண்டும் என்றுகூட மூத்தவர் அளந்து வைத்திருந்தார். தேக்கு அளந்த கை அல்லவா!

சந்தேகம் வந்தது டிராமினால். மூன்று வருஷத்துக்கு முன் மூத்தவர் சூலே பகோடா பக்கத்தில் ஓடும் டிராமிலிருந்து இறங்கப்போய், கால் இடறி, வேட்டி ஒரு பக்கமும் தான் ஒரு பக்கமுமாக விழுந்தார். ஆனைக்கும் அடி சறுக்கும் என்று தட்டிவிட்டு எழுந்து போயிருக்கலாம். தீர்க்கதரிசிக்குச் சறுக்கினால் அது பூமியின் குற்றம். அடுத்த ஞாயிறு வெளிப்பாடு வந்தது: தலையில் ஒற்றைக் கொம்பும் கொம்பின் நுனியில் நெருப்பும் உடைய இரும்பு மிருகம் கடைசிக் காலத்தில் வரும் என்று எழுதியிருக்கிறது, அது மின்கம்பியில் கழியை உரசிப் பொறி பறக்க ஓடும் டிராம்தான், பரிசுத்தவான் அதில் ஏறலாகாது. அப்படி எங்கே எழுதியிருக்கிறது என்று ஒருவர் கேட்டார். கரையான் தின்ற பக்கத்தில் என்றார்கள்.

முன்னூறு பேரும் நடந்தார்கள். பொன்னுத்துரை ஆபீசுக்கு வெயிலில் நடந்தான், மழையில் நடந்தான், செருப்பு தேய நடந்தான். முதல் வருஷ ஆடி மழையில் பவுனம்மாளுக்கு ஏழாம் மாதம். திடீரென்று வலி கண்டது. தெருவில் முழங்கால் தண்ணீர். லாஞ்சா என்னும் கைரிக்‌ஷா இழுப்பவன் ஒருவனும் வண்டியை வெளியே எடுக்கவில்லை. டிராம் மட்டும் மணியடித்துக்கொண்டு போயிற்று. பொன்னுத்துரை கையைக் காட்டி நிறுத்தப் போனான். பவுனம்மாள்தான் அவன் கையைப் பிடித்து இழுத்தாள். "வேண்டாங்க, மிருகங்க அது, பிள்ளைக்கு ஆகாது" என்றாள். பெரிய ஆஸ்பத்திரிவரை நடந்தார்கள். பிள்ளை தங்கவில்லை. ஆண் பிள்ளை.

போன தீபாவளி சமயத்தில் மூத்தவருடைய மகனுக்கு டிராமில் டிக்கெட் பரிசோதகர் வேலை கிடைத்தது. அந்த ஞாயிறே புதிய வெளிப்பாடு. சபையின் இடைவிடாத ஜெபத்தினால் மிருகத்தின் கொம்பு கழன்றுவிட்டது, இனி ஏறலாம். ஜன்னல் வழியாகப் பார்த்தால் டிராம் அதே கொம்போடு, அதே நெருப்போடு போய்க்கொண்டிருந்தது. சபையார் ஸ்தோத்திரம் சொன்னார்கள். பவுனம்மாள் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

கைதூக்குத் திருநாளுக்குப் பத்து நாள் இருக்கும்போது அவள் அடுப்படியில் இருந்தபடியே சொன்னாள்.

"ஏங்க, இந்த வருசம் நான் கை தூக்கமாட்டேன்."

"மெதுவாப் பேசு. கல்யாணம் இருக்குடி."

"தெரியும். பெத்தவளுக்குத் தெரியாதா? தூக்கினா, அன்னைக்கு மழையில நான் நடந்தது சரின்னு ஆயிரும். எம் புள்ளை செத்தது சரின்னு ஆயிரும்."

பொன்னுத்துரைக்கும் மனசில் அதேதான். ஆனால் தெரிந்தவர், பழகியவர், சம்பந்தி, வீடு வாடகைக்கு விட்டவர் எல்லாரும் சபைதான். வெளியே போனால் ரங்கூனில் அவனுக்கு நல்லது கெட்டது கேட்க ஆள் இல்லை. "இரு. நான் போய் விவரமாக் கேட்டுட்டு வர்றேன். நம்பாம கை தூக்கலாமா கூடாதான்னு ஒரு வார்த்தை கேட்டா என்ன?" என்றான். பாவம், கேட்டால் பதில் வரும் என்று நம்பினான்.

முதலில் போனது வட்டக் கண்காணிப்பாளர் அய்யாசாமியிடம். பன்னிருவரில் ஒருவர், பெரிய தொப்பை, துறைமுகத்தில் கூலிகளுக்கு மேஸ்திரி.

"நம்பாம கை தூக்கலாமாவா?" அய்யாசாமி சிரித்தார். "அட கூறு கெட்டவனே! கை தோள்ல இருக்கு. நம்பிக்கை நெஞ்சுல இருக்கு. நடுவுல எவ்வளவு எடம் கெடக்கு! ஒண்ணுக்கொண்ணு முட்டவே முட்டாது. கையத் தூக்கு பாப்போம். இன்னும் மேல. காதத் தாண்டணும், தலையத் தாண்டக் கூடாது. தலையத் தாண்டினா பதவிக்கு அலையுறான்னு சொல்லுவாக. ஆங், அதான்."

"இல்லண்ணே, அந்த டிராம் விசயம்..."

"டிராமா? நான் ஒரு நாள்கூட நடக்கலியே. இந்த ஒடம்ப வச்சிக்கிட்டு நடக்கவா? பின்னாடி பெஞ்சுல, கொம்புக்கு முதுகக் காட்டி உக்காந்துக்குவேன். கொம்பு முன்னால உள்ளவனத்தான முட்டும்?"

அவர் இதை வெட்கப்பட்டுச் சொல்லவில்லை, அனுபவஸ்தர் புத்தி சொல்வதுபோலச் சொன்னார். பொன்னுத்துரை பவுனம்மாள் நடந்ததை நினைத்துக்கொண்டான்.

அடுத்தது செயலர் ரெங்கசாமி. முறைப்படி கேட்டால் முறைப்படி பதில் தருவார் என்று பெயர்.

"சந்தேகத்துக்கு வழி இருக்கு, தம்பி. சபையில எல்லாத்துக்கும் வழி இருக்கு. சந்தேக நிவர்த்திக் குழுன்னு மூணு பேர். அவுங்ககிட்ட மனு கொடுக்கணும்."

"யாருங்க அந்த மூணு பேர்?"

"ஒருத்தர் ஊருக்குப் போயிட்டார். ஒருத்தர் காலமாயிட்டார். நான் ஒருத்தன்."

"அப்ப உங்ககிட்டயே கொடுத்துடறேங்க."

"மூணு பேரும் கூடினாத்தான் வாங்க முடியும்." ரெங்கசாமி அலமாரியைத் திறந்து பெருமையோடு ஒரு தாளை எடுத்துக் காட்டினார். "பாருங்க, குழுவோட இந்த வருசத்து அறிக்கை. பத்தொன்பது வருசமா ஒரு சந்தேகங்கூட வரல. வேற எந்தச் சபையில இப்படி இருக்கு? நீங்க மனு கொடுத்தா இந்த அறிக்கை கெட்டுப் போகும். உங்க ஒரு ஆளுக்காக இதத் திருப்பி அச்சடிக்கச் சொல்லுறீங்களா?"

"அச்சடிச்சாச்சுங்களா? வருசம் இப்பத்தான பொறந்திருக்கு?"

"அதான் சொல்லுறேன். வேலைய முடிச்சு வைக்கிறது நம்ம பழக்கம்."

கடைசியாகப் பொன்னுத்துரை மூத்தவரிடமே போனான். வேதமாணிக்கம் பிரம்பு நாற்காலியில் சாய்ந்து, ஒரு சீனன் கடையிலிருந்து வாங்கிய இஞ்சி மிட்டாயைச் சப்பிக்கொண்டிருந்தார். பொன்னுத்துரை கண்ணீரோடு எல்லாவற்றையும் கொட்டினான். டிராமை, மழையை, பிள்ளையை. "எங்களால தாங்க முடியுமான்னு தெரியலங்கய்யா" என்றான்.

மூத்தவர் கோபப்படவில்லை. மிட்டாயைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, "வந்துட்டியா? இத்தன வருசம் பிடிச்சிருக்கு ஒனக்கு" என்றார். "அய்யாசாமி மூணு வருசத்துல வந்தான். ரெங்கசாமி ஆறே மாசம்."

"எங்கய்யா?"

"இங்கதான். இப்படித்தான் அழுதுகிட்டு வந்தாங்க. இருக்கிற பதினோரு தூணும் இப்படி வந்ததுதான். சந்தேகம் இல்லாதவன பெஞ்சுல வைப்போம். சந்தேகம் வந்தவன நாற்காலியில வைப்போம். பெஞ்சுல இருந்தான்னா பக்கத்துல உள்ளவன்கிட்ட பேசுவான். நாற்காலியில வச்சா பேசமாட்டான். நாற்காலி போயிருமே! பன்னெண்டாவது நாற்காலி காலியாத்தான் கெடக்கு. நல்ல தேக்கு, நானே பொறுக்கினது. மகள் கல்யாணத்துல முன் வரிசையில உக்காரு."

"அப்ப அந்த வெளிப்பாடு... கொம்பு..."

"அத நான் சொல்லிட்டேன். சொன்னதத் திருப்பி எடுக்கிறது பழக்கம் இல்ல. புதுசாத்தான் சொல்லுவேன்."

"எம் பொண்டாட்டிக்கும் சந்தேகம்யா. அவளுக்கு?"

மூத்தவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். "பொம்பளைக்கு நாற்காலி கிடையாதேப்பா. அவுகளுக்குச் சந்தேகம் வந்தா நம்மகிட்ட மருந்து இல்ல. கீழ்ப்படியச் சொல்லு."

பொன்னுத்துரை இதைக் கேட்டவுடன் எழுந்து வந்திருக்க வேண்டும். மானம் உள்ளவன் வந்திருப்பான். அவன் முன் வரிசையை நினைத்தான், மகளை நினைத்தான், பக்கத்தில் நின்று ஆசீர்வதிப்பதை நினைத்தான். வெட்கக்கேட்டை ஏன் மறைக்க வேண்டும்? நாற்காலியையும் கொஞ்சம் நினைத்தான்.

திருநாளன்று ரெங்கசாமி அழைத்தார். முன்னூறு கைகளில் இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது உயர்ந்தன. பொன்னுத்துரையின் கை காதைத் தாண்டி, தலையைத் தாண்டாமல், அய்யாசாமி சொல்லிக்கொடுத்த உயரத்தில் நின்றது. பெண்கள் பக்கம் பவுனம்மாள் இரண்டு கையையும் மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். ஆர்மோனியம் அவசரமாகத் தொடங்கிற்று. ரெங்கசாமி புத்தகத்தில் தேதியை எழுதினார். அன்று மாலையே பொன்னுத்துரை பன்னிரண்டாம் தூண் ஆனான். வீட்டில் அவள் சோறு போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

புதிதாக வந்த தூணுக்குத்தான் சீட்டு விசாரணை வேலை. அதைப் பொன்னுத்துரை அறியவில்லை. கல்யாணத்துக்கு முதல் நாள் காலையில், மண்டபத்தின் ஓரத்தில் மேசை போட்டு, முத்திரையும் மைத்தட்டும் கொடுத்து அவனை உட்கார்த்தினார்கள். பக்கத்தில் ரெங்கசாமி, முறை தவறாமல் பார்த்துக்கொள்ள. வரிசையாக வந்தார்கள். "தாங்குகிறாயா?" "தாங்குகிறேன்." டப். "தாங்குகிறாயா?" "தாங்குகிறேன்." டப். மகள் வந்தாள், தலை குனிந்தபடி சொல்லி வாங்கிப் போனாள். மாப்பிள்ளையும் வாங்கினான். கடைசியில் பவுனம்மாள் வந்து நின்றாள். வெளுத்த சேலை, நெற்றியில் வேர்வை. மகள் கெஞ்சிக் கூத்தாடி அனுப்பியிருந்தாள்.

பொன்னுத்துரை ரெங்கசாமியைப் பார்த்தான். ரெங்கசாமி புத்தகத்தைப் பார்த்தார்.

"மூத்தவரைத் தாங்குகிறாயா?" என்றான் பொன்னுத்துரை. குரல் அவனுடையதாகவே இல்லை.

"நீங்க தாங்குறீங்களா?"

"கேள்வி கேக்கிறது நானு, பவுனு. ஒரு வார்த்தைதான், சொல்லிரு. கை தோள்ல இருக்கு, நம்பிக்கை நெஞ்சுல இருக்கு. ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு எடம்..."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அது யாருடைய பேச்சு என்று அவனுக்குத் தெரிந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டான். ரெங்கசாமி மட்டும் மெச்சித் தலையாட்டினார்.

பவுனம்மாள் முந்தானையால் நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு வேறு யாரோ ஓர் அதிகாரியிடம் பேசுவதுபோல மரியாதையாகச் சொன்னாள். "எங்க வீட்டுக்காரரு இந்தப் பக்கம் வந்தா சொல்லுங்கய்யா. எம் மக கல்யாணத்துக்கு நான் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நிக்கிறேன். என்னோட மழையில நடந்தவரு அவரு. அவருக்கும் அங்க எடம் இருக்கு."

முத்திரை அவன் கையிலேயே இருந்தது. ஒரு தட்டு தட்டியிருந்தால் சீட்டு. தட்டியிருந்தால் நாற்காலி போயிருக்கும். அவன் தட்டவில்லை.

மறுநாள் காலை உள்ளறை. தூண்கள் முதலில் போய் அமர வேண்டும், பிறகு கதவைச் சாத்துவார்கள், பிறகு மாப்பிள்ளையும் பெண்ணும் சீட்டுக்காரர்களோடு வந்து மூன்று முறை தட்ட, கதவு திறக்கும். முறை அது. பொன்னுத்துரை அதுவரை அந்த அறையைப் பார்த்ததில்லை. பரலோகத்தின் சாயல் என்று கேள்விப்பட்டிருந்தான். பன்னிரண்டு நாற்காலியும் ஒரு பிரம்பு நாற்காலியும், காற்றில்லாத ஜன்னலும், சுவரில் மூட்டைப்பூச்சியை நசுக்கிய தடமும் இருந்தன. இதற்காகவா என்று ஒரு கணம் தோன்றிற்று. இருந்தாலும் பிள்ளை வரப்போகிறாள் என்று வேட்டியைச் சரிசெய்துகொண்டு முன் வரிசையில் உட்கார்ந்தான்.

கதவைச் சாத்தினார்கள். காத்திருந்தார்கள். யாரும் தட்டவில்லை.

சாத்திய ஜன்னலுக்கு வெளியே தெருச் சத்தம் கேட்டது. மொஹிங்கா என்னும் மீன்குழம்புச் சேமியா விற்கும் பர்மாக்காரி யாரையோ பார்த்து வியந்து கூவினாள். பிறகு செல்லக்கண்ணுவின் குரல், தெளிவாக.

"அம்மா நிக்கிற எடத்துலதான். நான் அந்தக் கதவத் தட்டமாட்டேன்."

"சரி, வா. நாளைக்கு ரிஜிஸ்தர் ஆபீசுல எழுதிக்கலாம்" என்றது தங்கவேலுவின் குரல். "அத்தே, தாலிய நீங்களே எடுத்துக் கொடுங்க."

வாய்க்காலைத் தாண்டிக் குதிக்கும் சத்தம். யாரோ சிரித்தார்கள். பர்மாக்காரி கூடையை நகர்த்தி இடம் விட்டிருக்க வேண்டும், கிண்ணங்கள் மோதின. "உங்க அப்பா எங்கம்மா?" என்று தெருவில் ஒருவர் கேட்டார். அதற்குச் செல்லக்கண்ணு என்ன சொன்னாள் என்று பொன்னுத்துரைக்குக் கேட்கவில்லை. ஒரு ரயில் போயிற்று. ரயில் போய் முடிந்தபோது பெண்கள் குலவை இட்டுக்கொண்டிருந்தார்கள். முடிந்துவிட்டது.

பொன்னுத்துரை எழப் போனான். அய்யாசாமி அவன் தொடையில் கையை வைத்து அமுக்கினார். "கதவு தட்டாமத் தொறக்கக் கூடாதுப்பா. முறை."

மூத்தவர் கண்ணை மூடிக்கொண்டார். அரை நிமிஷம் ஆயிற்று. கண்ணைத் திறந்தபோது முகம் தெளிவாக இருந்தது. "கல்யாணம் இங்கதான் நடந்தது. எனக்குக் காட்டப்பட்டுச்சு. பரிசுத்தமா, முறைப்படி, நம்ம எல்லார் முன்னாலயும் நடந்தது. வெளிய கேக்கிறது சும்மா தெருச் சத்தம். ரெங்கசாமி, எழுதிக்கோ."

ரெங்கசாமி எழுந்து நின்றார். "சகோதரன் தங்கவேலுவுக்கும் சகோதரி செல்லக்கண்ணுவுக்கும் இன்று உள்ளறையில், பெண்ணின் தகப்பனார் முன்னிலையில் திருமணம் நடந்தேறியது என்பதைத் தாங்குகிறவர்கள் வலது கையை உயர்த்துங்கள்."

பதினொரு கைகள் உயர்ந்தன. எல்லாரும் பொன்னுத்துரையைப் பார்த்தார்கள். வெளியே மகள் எதற்கோ வாய்விட்டுச் சிரித்தாள். அவள் பிறந்ததிலிருந்து அவன் கேட்ட சிரிப்பு. நடுவில் ஒரு ஜன்னல் பலகைதான்.

அவன் கை எழுந்தது. காதைத் தாண்டிற்று, தலையைத் தாண்டவில்லை.

"தாங்காதவர்கள் யாராவது இருந்தால்..." என்று ரெங்கசாமி தொடங்கினார். உள்ளறையில் ஆர்மோனியம் இல்லை. அதனால் அவர் நிறுத்தி, இருமி, உட்கார்ந்து, தேதியை எழுதினார்.